கம்பவுண்டர் வீட்டு மாடியில் ஓடிய நிலா

என்னைப்போல ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, இன்றைக்கு முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் குற்றமில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கல்யாண வீட்டில்கூடப் பந்தி முடிகிறவரை பாத்திரம் கழுவுகிற பக்கமாகவே நின்றுவிடுவேன். எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்கிற தைரியம்தான்.

சின்ன வயதில் செய்யாத குற்றத்துக்குப் பேச்சு வாங்காதவர்கள் நம்மில் யாரும் இருக்கமாட்டோம். கவிழ்ந்த பாலுக்கும் உடைந்த சிம்னிக்கும் நம்மைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். என்மேல் விழுந்தது அதைவிடக் கொஞ்சம் பெரியது. நான் நிலாவைக் கலைத்துவிட்டேன் என்றார்கள்.

பழங்காநத்தத்தில் எங்கள் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அப்பாவைக் கட்டிப்பிடித்தால் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை அடிக்கும். இப்போதும் எங்காவது அந்த வாசனை வந்தால் நடையை மெதுவாக்கிவிடுவேன். சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதில் அவர் பெயர் வாங்கியவர். வளைந்த சக்கரத்தைச் சுற்றவிட்டு ஒரு சாக்பீஸை ரிம்முக்கு அருகில் அசையாமல் பிடிப்பார். எந்த இடம் துருத்துகிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்துக் கம்பியைத் திருகி இறுக்குவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கடை ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்பாவும் அதிகம் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி கம்பவுண்டர் வீடு. ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தார். அளவுக்குக் காகிதப் பட்டை ஒட்டிய பாட்டிலில், கார்க் அடைத்துச் சிவப்பு மிக்சர் கொடுப்பாரே, அந்தக் காலத்துக் கம்பவுண்டர். அவருக்கு வானத்தின் மேல் ஆசை. ஏதோ புத்தகத்தைப் பார்த்து, டிபன் தட்டு அகலத்துக்குக் கனமான கண்ணாடி ஒன்றை வாங்கி, ஒரு தகர டிரம்மின் மேல் வைத்து, இன்னொரு கண்ணாடியாலும் ஈரப்பொடியாலும் எட்டு மாதம் தேய்த்தார். டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே தேய்ப்பார். சாயங்காலமானால் 'சர், சர்' என்று தெருவுக்கே கேட்கும். தேய்த்துத் தேய்த்து நடுவில் லேசாகக் குழிந்த பிறகு, மெட்ராஸுக்கு அனுப்பி ரசம் பூசி வாங்கினார். அதுதான் டெலஸ்கோப்பின் உயிர். நீளமான தகரக் குழாயின் அடியில் அந்தக் கண்ணாடி உட்கார்ந்திருக்கும். மேலே இருந்து விழுகிற நிலா வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அனுப்பும். குழாயின் மேல்பக்கம் பொத்தானளவு இருக்கும் ஓட்டையில் நாம் கண்ணை வைக்கவேண்டும்.

குழாயைச் செய்தது அப்பா. அதைத் தாங்கும் கால், சைக்கிளின் முன்பக்கக் கவட்டைதான். கண்ணாடியை ஒரு பலகையில் வைத்து, மூன்று பக்கம் மட்கார்டு தகட்டில் கொக்கி செய்து பிடிக்கவைத்தார். கண்ணாடி பலகையில் இடிக்காமலிருக்க அடியில் மூன்று டியூப் ரப்பர்த் துண்டுகள்.

அது என் ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை. கம்பவுண்டர் வீட்டு மாடியில் சாயங்காலம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் தளம் 'சுர்' என்று குடிக்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கால் வைக்கமுடியும். வளர்பிறை நாட்களில் வெளிச்சம் இருக்கும்போதே நிலா மேலே நிற்கும். அவரும் அப்பாவும் குழாயைத் திருப்புவார்கள். நான் யார் கண்ணிலும் படாமல் குழாயின் வால்பக்கம், சுவரோரமாகக் குந்தியிருப்பேன். எனக்குப் பிடித்த இடம் அது. அந்த இடம்தான் என்னை மாட்டிவிட்டது.

முதல் நாள் கம்பவுண்டர் நிலாவைப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு குழாயைத் தாழ்த்தி அம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்தார். தலைகீழாகத் தெரிந்ததாம். அதற்கும் சிரித்தார். மறுபடி நிலாவுக்கு உயர்த்தினார். சிரிப்பு நின்றுவிட்டது.

"மாப்ள, ஓடிருச்சு."

"என்னண்ணே ஓடிருச்சு?" என்றார் அப்பா.

"நிலாத்தேன். ஒரு பக்கமாக் குதிச்சிருச்சு. இழுத்துக் கொண்டாந்தா மங்கலாக் கெடக்கு. இப்பத்தேன் குழி குழியாத் தெரிஞ்சுச்சு."

திருகித் திருகிச் சரிசெய்தார். தெளிந்தது. இன்னொருமுறை குழாயைக் கோபுரத்துக்குத் தாழ்த்தித் தூக்கினார். மறுபடி குதித்து, மறுபடி மங்கல். அப்போதுதான் வால்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"யாரு, பாப்பாவா? ஏத்தா, இதத் தொட்டியா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். ஆனால் பயத்தில் அது எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போதாதா? நம் காலத்தில் அழுத பிள்ளைதான் குற்றவாளி.

நாலு சாயங்காலம் இப்படியே நடந்தது. ஐந்தாம் நாள் அவர் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். திட்டக்கூட இல்லை.

"பாப்பாவ மாடிக்குக் கூட்டியாராதீங்க மாப்ள. வெவரம் தெரியாத புள்ள. சும்மா இருக்க மாட்டாம கைய வச்சிருது."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது யோசித்தால் புரிகிறது. எனக்குக் காய்ச்சல் கண்டு கிடந்தபோது வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து கொடுத்த மனிதர் அவர். அவரை எதிர்த்து அப்பாவால் எப்படிப் பேசமுடியும்? கம்பவுண்டரையும் குறைசொல்ல மனம் வரவில்லை. எட்டு மாதம் கை தேயத் தேய்த்த கண்ணாடியில் குறை இருக்கிறது என்று நினைப்பதைவிட, ஒரு பிள்ளையின் கையில் குறை இருக்கிறது என்று நினைப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அம்மாவாவது நம்புவாள் என்று பார்த்தேன்.

"தொட்டேன்னு சொல்லி ரெண்டு தோப்புக்கரணம் போட்டுட்டு வாடி. மனுசன் மனசு ஆறிரும்."

"நான் தொடலம்மா."

"தொடாம எப்படி நகரும்? அதுக்கென்ன காலு மொளச்சிருக்கா?"

தெருக் குழாயடியில் என் வயதுப் பிள்ளைகள் 'நிலாவக் கலைச்சவ வாரா, குடத்தத் தள்ளி வைங்கடி' என்றார்கள். எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. நிலாவைக்கூடப் பார்க்கவேண்டாம். நான் தொடவில்லை என்று யாராவது ஒருவர், பெரியவராக ஒருவர், வாய்விட்டுச் சொல்லவேண்டும். அந்தக் கோடை முழுக்க எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

நான் போகாமல் இருந்தும் நிலா ஓடியது. அப்பா வந்து அம்மாவிடம் சொன்னபோது கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்பாடா, உண்மை வெளியே வந்துவிட்டது என்று இருந்தது. அடுத்த வார்த்தையில் அதுவும் போயிற்று.

"அன்னைக்குப் பாப்பா கைவச்சதுல உள்ள என்னமோ எளகிப்போச்சுன்னு அண்ணன் சொல்றாரு."

இளகியதை இறுக்குவது அப்பாவுக்குக் கைவந்த வேலை. சைக்கிளில் எது ஆடினாலும் மருந்து ஒன்றுதான்: இறுக்கு. மூன்று கொக்கிகளையும் ஸ்பானர் போட்டு இறுக்கினார். நிலா ஓடவில்லை. ஆனால் அன்றைக்கு மேற்கே முதலில் முளைத்த நட்சத்திரத்துக்கு மூன்று கொம்பு முளைத்திருந்ததாம். கண்ணாடியைப் பிடித்து நெரித்தால் அப்படித்தான் ஆகும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. தளர்த்தினார்கள். கொம்பு போயிற்று, ஓட்டம் வந்துவிட்டது. இறுக்கினால் கொம்பு, தளர்த்தினால் ஓட்டம். இதிலேயே அந்தப் பிறை வளர்ந்து தேய்ந்தும் போயிற்று.

இதற்குள் கம்பவுண்டர் தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டார். வருகிற வளர்பிறை அஷ்டமிக்குப் பாதி நிலா தெரியும், எல்லாரும் மாடிக்கு வாருங்கள் என்று. மாவு மில்காரருக்கு எதிலும் ஒரு கேள்வி உண்டு.

"அஷ்டமியில போயி நல்ல காரியம் ஆரம்பிக்கலாமாண்ணே?"

"அட, அஷ்டமியே அந்த நிலாவாலதானய்யா வருது. அதுக்கே நாள் பாக்கச் சொல்றியா?"

சிரித்தாலும், அவர் முகம் நன்றாக இல்லை. தெருவே வந்து மங்கலான நிலாவைப் பார்த்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்கிற கவலை. எனக்கோ வேறு கவலை. அன்றைக்கும் நிலா ஓடினால் தெருவே என்னைத்தான் சொல்லும்.

நான் ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். வால்பக்கம் குந்தியிருந்த அந்த நாட்களில், குழாயைத் தாழ்த்தும்போதெல்லாம் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பாக்கு வெட்டுகிற மாதிரி, ஆனால் மெல்லிய சத்தம். மேல்பக்கம் கண்ணை வைத்திருப்பவருக்கு அது கேட்காது. எனக்கு மட்டும் கேட்கும். சொல்லியிருக்கலாமே என்பீர்கள். என்னைத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டீர்கள்.

அஷ்டமிக்கு நாலு நாள் இருக்கும்போது அம்மா கூழ் வடகம் போட்டாள். எங்கள் வீட்டு முற்றத்தில் வெயில் பத்தாது. கம்பவுண்டர் வீட்டு மாடியில் வேட்டியை விரித்து, பிழிந்து வைத்துவிட்டு, காக்காய் பார்க்க என்னை உட்காரவைத்துப் போனாள். வடகம் காயப்போடுவது வேறு விஷயம், அதற்கு எனக்குத் தடை இல்லை. உச்சி வெயில். தகரக் கொட்டகை நிழலில் டெலஸ்கோப் சாக்கு போர்த்தி நின்றது.

அம்மாவின் சாந்துப் பொட்டுக் குப்பி என் பாவாடை மடிப்பில் இருந்தது. காலையிலேயே எடுத்து வைத்துக்கொண்டேன் என்றால், நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. கட்டைவிரல் அளவுக் குப்பி, மூடியோடு சேர்ந்த குச்சி. இப்போது அதெல்லாம் கண்ணிலேயே படுவதில்லை. எல்லாம் ஒட்டுப் பொட்டு.

குழாயின் வால்பக்கம் திறந்திருக்கும். விரலை நுழைத்தால் கண்ணாடியின் ஓரம் எட்டும். நான் தொட்டேன். தொடவில்லை தொடவில்லை என்று ஒரு மாதம் அழுத நான், தொடவில்லை என்று காட்டுவதற்காக அன்றைக்குத் தொட்டேன். கண்ணாடியின் ஓரத்திலிருந்து தகட்டுக் கொக்கிமேல் ஏறுகிற மாதிரி ஒரே கோடாகச் சாந்தை இழுத்தேன். அப்பாவின் சாக்பீஸ்தான் மனதில் இருந்தது. காயட்டும் என்று ஊதினேன். பிறகு குழாயை உயர்த்தி, தாழ்த்தினேன். டக்.

குனிந்து பார்த்தேன். கோடு உடைந்திருந்தது. கண்ணாடிமேல் பாதி, கொக்கிமேல் பாதி, நடுவில் நெல் கனத்துக்கு விலகல்.

"என்னத்தா பண்ற?"

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கம்பவுண்டர் மாடிப்படியில் நின்றார். என் கையில் குச்சி. விரலெல்லாம் கறுப்பு. அவர் கண்ணாடியில் கறுப்பு.

அவர் அடிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, வெயிலில் செருப்பில்லாமல் கடைவரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். வழியில் எல்லாரும் பார்த்தார்கள். குழாயடிப் பிள்ளைகளும் பார்த்தார்கள்.

"இந்தாங்க மாப்ள. கையும் களவுமா. இப்பவாச்சும் நம்புறீகளா?"

அப்பா பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியிலேயே விட்டுவிட்டு எழுந்தார். மூன்று பேருமாக மாடிக்கு வந்தோம். வடகத்தில் இரண்டு காக்காய் உட்கார்ந்திருந்தது. அப்பா குனிந்து வால்பக்கம் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீயா போட்ட?"

"ம்."

"எத்தன கோடு?"

"ஒண்ணு."

"நெசமாவா? ஒரே கோடா?"

"ஒரே கோடுதேம்ப்பா."

அப்பா நிமிர்ந்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அண்ணே, ஒரே கோடுதேன் போட்டிருக்கா. இப்ப ரெண்டாக் கெடக்கு. இங்குன வந்து பாருங்க. கொக்கி நின்ன எடத்துலயே நிக்குது, கண்ணாடிதேன் எறங்கியிருக்கு. கொழாயத் தூக்குறேன், நல்லாப் பாருங்க." தூக்கினார். டக். "இந்தா, திரும்பவும் உள்ளுக்குப் போயி உக்காந்துருச்சு, ஆனாப் பழைய எடத்துல உக்காரல. யாரும் தொடவேணாம்ணே. நம்ம எறக்குறதும் தூக்குறதுமே போதும், அதுபாட்டுக்கு நகருது."

பிறகு விரலை உள்ளே விட்டுத் தடவிவிட்டுச் சொன்னார். "நான் வச்ச ரப்பரும் ஒரு பக்கம் அமுங்கிப்போயிக் கெடக்கு. கோளாறு எங்கிட்டயும் இருக்கு."

கம்பவுண்டர் தானே இரண்டுமுறை தாழ்த்தித் தூக்கிப் பார்த்தார். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "இத நான் கவனிக்கலயே மாப்ள" என்றார். கண்ணாடியைப் பற்றித்தான் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. நான் காக்காயை விரட்டப் போய்விட்டேன்.

இனி என்ன செய்வது என்பதுதான் பாக்கி. தளர்த்தவும் கூடாது, நெரிக்கவும் கூடாது. இரண்டு பேரும் கொட்டகை நிழலில் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வடகம் எடுக்க வந்த அம்மா, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இடுக்கிப் பிடிச்சா எந்தப் புள்ளயும் மூஞ்சியக் கோணத்தான் செய்யும். தூளியக் கட்டி அதுல போடுங்க."

"கண்ணாடிக்குத் தூளியா? இந்தா, வேலையப் பாத்துட்டுப் போ" என்று அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே பாதியில் நின்றுவிட்டார். எழுந்து கடைக்குப் போனார். வரும்போது கையில் ஒரு பிரேக் வயர்.

அந்த வயர் கண்ணாடியை அறுக்காமலிருக்க அதன்மேல் வால்டியூபை மாட்டினார். சைக்கிள் வால்வில் போடுகிற மெல்லிய ரப்பர்க் குழல்தான் அது. கண்ணாடியின் கீழ்ப்பாதியைச் சுற்றி அந்த வயரைத் தூளியாகக் கட்டி, இரண்டு நுனியையும் பலகையில் முடுக்கினார். கண்ணாடி அதில் தன் பாரத்தைப் போட்டுச் சாய்ந்துகொண்டது. முதல் தடவை முன்பக்கமாகக் கவிழப் பார்த்தது. "தொட்டில் ஒரு ஓரமாக் கெடந்தா புள்ள கவுந்துராதா? கனத்துக்கு நடுவுல வரட்டும்" என்றாள் அம்மா. இந்தத் தடவை அப்பா சிரிக்கவில்லை, வயரை நகர்த்தினார். பின்னால் ரப்பரை எடுத்துவிட்டுக் கம்பவுண்டர் தன் மிக்சர் பாட்டில் கார்க்கை ஒரே கனமாகச் சீவி மூன்று இடத்தில் ஒட்டினார். கொக்கிகளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு போஸ்ட்கார்டு நுழையும் அளவுக்கு இடம் விட்டார்கள். கண்ணாடி கவிழ்ந்து விழாமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான் கொக்கி, பிடிப்பதற்கில்லை.

அன்று சாயங்காலம் அப்பா வந்து, கோபுரத்துக்கும் நிலாவுக்குமாகப் பத்துத் தடவை போய்வந்தோம், நிலா நின்ற இடத்திலேயே நின்றது, நட்சத்திரமும் பொட்டு மாதிரி இருக்கிறது என்றார். சந்தோஷமாகச் சாப்பிட்டார். அம்மாவுக்கு அன்றைக்கு நடையே வேறு. என்னைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கோளாறு சரியானதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு அப்படித்தான். குழாயடியில் என் பெயர் அப்படியேதான் இருந்தது. கறுப்பு விரலோடு வெயிலில் இழுத்துக்கொண்டு போனதைத்தானே அவர்கள் பார்த்தார்கள்? மாடியில் நடந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அஷ்டமியன்று நான் வரவில்லை என்றேன். அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இன்னும் வெளிச்சம் போகவில்லை. மாடி நிறைய ஆட்கள். குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள், கோயிலுக்கு வருகிற மாதிரி. சிலர் ஓட்டையில் கண்ணை வைத்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வால்பக்கம் மட்டும்தான் இடம் இருந்தது. நான் அங்கே, அம்மா சேலைக்குப் பின்னால்.

மாவு மில்காரர் முறை வந்தது. அவர் கண்ணை எடுக்கவே இல்லை. வரிசையில் முனகினார்கள். திடீரென்று அவர் கத்தினார்.

"அண்ணே, ஓடுது. நிலா ஓடுது. ஓரத்துக்குப் போயிருச்சு."

அவர் குழாயைச் சுற்றி எட்டிப் பார்த்தார். நான்தான் நிற்கிறேன்.

"அதான பாத்தேன். இந்தா நிக்கிறாள்ல, நிலாவக் கலைச்சவ. தொட்டுட்டா."

மாடியே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் சிரிப்புதானே. நான் அம்மாவின் முதுகில் முகத்தைப் பதித்துக்கொண்டேன். சேலை என் கண்ணீரில் நனைந்தது நினைவிருக்கிறது.

"அவ தொடலய்யா."

கம்பவுண்டர் குரல். சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"இப்பவும் தொடல, அன்னைக்கும் தொடல. நாந்தேன் தப்பாச் சொல்லிட்டேன். கண்ணாடிதேன் எடம் மாறுதுன்னு கண்டுபுடிச்சுக் குடுத்ததே அவதான். இல்லாட்டி இன்னைக்கு நீங்க யாரும் ஒண்ணத்தையும் பாத்திருக்க மாட்டீக."

சிரிப்பு நின்றுவிட்டது. மாவு மில்காரர் விடவில்லை. "அப்ப இப்ப எது ஓடுது?"

"இப்ப ஓடுறது பூமி. நீ நிக்கிற இந்த மாடியோட சேத்துத்தேன் சுத்துது. கொக்கி போட்டு அத நிப்பாட்ட முடியாது. எம்புட்டு நேரம் பாக்குறமோ அம்புட்டு நேரமும் ஆளு ஒருத்தர் மெதுவாத் தள்ளிக் குடுக்கணும்."

மாவு மில்காரர் கைப்பிடிச் சுவரை ஒருமுறை பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் நான் தொட்டேன் என்பது கம்பவுண்டருக்குத் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. நான் எதற்காகத் தொட்டேன் என்பதையும் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என்னிடம் நல்ல வார்த்தை பேசியிருக்கிறார்கள். அந்த 'அன்னைக்கும் தொடல' மாதிரி ஒன்று பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

"பாப்பா, இங்குன வாத்தா" என்றார். அம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டாள். "கைய வையி. லேசா. நிலா நடுவுக்கு வரட்டும்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. சூடு இறங்காத தகரத்தின் மேல் கையை வைத்து, மெதுவாகத் தள்ளினேன்.

"போதும் போதும், வந்துருச்சு" என்றார் மாவு மில்காரர், கண்ணை எடுக்காமல். "அப்படியே தள்ளிக்கிட்டே இரு, தாயி."